ஆஷ்லான்ஃபூவுக்கு நான்கு மதிப்பெண்

பெரிசாத்தின் கையெழுத்தை என்னால் படிக்க முடியாது. இதை நான் மூன்று வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் அவள் கொடுத்த முதல் கட்டுரையைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிர்கிஸ் மொழியை எழுதும் எங்கள் சிரிலிக் எழுத்தைச் சேர்த்து எழுதினால் பாதி எழுத்துகள் வெறும் நிமிர்ந்த கோடுகள்தான். அவள் மிச்சப் பாதியையும் கோடாக்கியிருந்தாள். பக்கம் முழுக்க வேலிக் கம்புகள். கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தலைவலி. ஐந்துக்கு நான்கு போட்டு, கீழே "கருத்து நன்று, இன்னும் ஆழம் தேவை" என்று எழுதிவிட்டேன். ஒரு முறை நான்கு போட்டவன் அடுத்த முறை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பத்தாம் வகுப்பு வரை நான்கு நான்காகவே வண்டி ஓடிவிட்டது.

இத்தனைக்கும் எங்கள் காரகோல் ஊரில் கிர்கிஸ் மொழிக்காக என்னைப் போலத் தொண்டை கிழியக் கத்துகிறவன் வேறு யாரும் கிடையாது. பெற்றோர் கூட்டம் என்றால் முதல் ஆளாக எழுந்துவிடுவேன். "வீட்டுல ரஷ்ய மொழியிலயே பேசிப் பேசித் தாய்மொழியக் கொல்றீங்க. பிள்ளைங்க எழுதுற ஒவ்வொரு வரியையும் படிக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்!" என்பேன். மாவட்டத்தின் சிறந்த தாய்மொழி ஆசிரியர் பட்டியலுக்குப் பள்ளியிலிருந்து என் பெயரும் போயிருந்தது. ரஷ்ய மொழி ஆசிரியை லரிசா பெத்ரோவ்னா மட்டும் தேநீரை உறிஞ்சியபடி, "உங்க கண்ணு ரொம்ப நல்ல கண்ணு, ரிஸ்பெக்" என்பார். அது பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்துத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நூர்சதா வந்து சேர்ந்தாள். இரண்டு மொழிகளில் எழுதும் பிள்ளைகள் எந்த மொழியில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தெளிவாக எழுதுகிறார்கள் என்று அளக்க வந்த ஆய்வுக்காரி. பத்தாம் வகுப்பில் இருபத்தாறு பேர். ஒரு வாக்கியத்தை இரண்டு நிமிடம் அழகாக எழுத வேண்டும், அப்புறம் அதையே முடிந்த வேகத்தில், அப்புறம் பத்து நிமிடம் மனதில் தோன்றியதை. முதல் நாள் கிர்கிஸ், மறுநாள் ரஷ்யம். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். பெரிசாத் பதினேழு.

மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் நூர்சதா இரண்டு தாள்களை என் முன்னால் விரித்தாள். ஆசிரியரை எங்கள் பக்கத்தில் 'அகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அகாய், இந்தப் பதினேழப் பாருங்க. கிர்கிஸ்ல நிமிஷத்துக்கு நூத்தி நாப்பத்தெட்டு எழுத்து. நான் இதுவரைக்கும் இப்படி ஒரு வேகத்தப் பார்த்ததில்ல. ஆனா ஒரு வார்த்தை புரியல. தெளிவுக்கு அஞ்சுக்கு ஒண்ணு போட்டிருக்கேன். பூஜ்ஜியம் போட விதி இல்ல, அதான்."

"சுறுசுறுப்பான பிள்ளைம்மா."

"ரஷ்யத்துல அதே கை, அதே பேனா. தொண்ணூத்தோரு எழுத்துதான். ஆனா அச்சடிச்ச மாதிரி இருக்கு. அஞ்சுக்கு அஞ்சு. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துதானே? அப்புறம் ஏன் இப்படி?"

"மலைக் காத்தா இருக்கும்," என்றேன். வேறென்ன சொல்வது?

"நீங்க எப்படி அகாய் இதப் படிக்கிறீங்க?"

"எல்லாம் பழக்கம்தான்."

"அப்ப இந்த ரெண்டாவது வரிய மட்டும் வாசிச்சுக் காட்டுங்களேன்."

நல்லவேளை, மணி அடித்தது. எனக்கு அந்த நேரம் வகுப்பே இல்லை. இருந்தாலும் எழுந்து ஓடினேன்.

விடுவாளா? நடைவழியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தாளையும் பிள்ளைகளின் எழுத்து அறியாத இரண்டு பேர் படித்து மதிப்பிட வேண்டுமாம். இரண்டாவதாகப் படிக்க வேண்டியவர் பனியில் பாதை அடைபட்டு வழியிலேயே நிற்கிறாராம். இருவருமே ஒன்று போட்டால், 'இந்த மாணவிக்கு இதுவரை எப்படி மதிப்பெண் கொடுத்தீர்கள்' என்று பள்ளியை எழுத்தில் கேட்டாக வேண்டுமாம். அந்தக் கடிதம் வந்தால் தலைமையாசிரியர் நோட்டுகளைத் திறப்பார். திறந்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணக்குப் போட்டேன். இரண்டாமவர் ஐந்து போட்டால் சராசரி மூன்று. மூன்று என்றால் சுமார். சுமாரைப் பற்றி உலகத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எதைக் கொடுத்தாலும் படித்துவிடுகிற ஆள் ஒருவர் வேண்டும். பள்ளிக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருக்கும் புருல்கான் எஜே, அதாவது புருல்கான் அக்கா, நினைவுக்கு வந்தார். முப்பத்திரண்டு வருடமாக மருத்துவர்களின் சீட்டுகளைப் படிக்கிறவர். தான் எழுதியது தனக்கே புரியாமல் ஒரு மருத்துவர் இவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னும் பார்ப்பீங்களாம்மா?" என்று, எஜேயின் பெயரைச் சொன்ன கையோடு நூர்சதாவை முன்னெச்சரிக்கையாகக் கேட்டேன்.

"அது எங்க வேலையே இல்ல, அகாய். படிக்க முடியுதா இல்லையா, அவ்வளவுதான்."

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். புருல்கான் எஜேக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. எந்த மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கடைவாசல் வரைக்கும் கேட்கும்படி படித்தே பழகியவர்.

நானும் நூர்சதாவும் போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எஜே தாள்களை வாங்கி, "ம், படிக்கலாம். இதுவும் படிக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்து பதினேழில் நின்றார்.

"அடடா, இதுல்ல எழுத்து! எங்க பெரிய டாக்டர் கை மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டு உரக்க ஆரம்பித்தார். "'இதையும் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் உண்மையை எழுதுகிறேன். ரிஸ்பெக் அகாய்க்கு என் எழுத்து புரியாது.'"

"போதும் எஜே, மார்க்க மட்டும் போடுங்க," என்றேன் அவசரமாக.

"சும்மா இருங்க அகாய்," என்றாள் வரிசையில் நின்ற சிவப்புத் தலைத்துணிப் பெண். "நீங்க படிங்க எஜே."

"'எட்டாம் வகுப்பில் தாய்நாடு என்ற தலைப்பில் ஆஷ்லான்ஃபூ நூடுல்ஸ் செய்யும் முறையை எழுதினேன். நான்கு மதிப்பெண். வசந்தம் என்ற தலைப்பில் என் அண்ணனின் மூன்று காதல்களை எழுதினேன். அதற்கும் நான்கு.'"

"எந்த அண்ணன்?" என்றார் இருமல் மருந்துக்கு வந்திருந்த பெரியவர்.

"அத விடுங்க. ஆஷ்லான்ஃபூவுக்கு வினிகர் எப்ப ஊத்தணும்னு போட்டிருக்கா?" என்றாள் சிவப்புத் தலைத்துணி.

"அது இதுல இல்ல, அந்தக் கட்டுரையில இருக்கும்," என்றார் எஜே. "அகாயக் கேளு, நாலு போட்டவரு அவருதானே."

நூர்சதா கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. எஜே நிறுத்தவில்லை.

"'ஒன்பதாம் வகுப்பில் நான் மதிக்கும் மனிதர் என்ற தலைப்பில் ஒரே வாக்கியத்தை முப்பத்தோரு தடவை எழுதினேன். அகாய், இதைப் படித்தால் எனக்கு இரண்டு போடுங்கள். அவர் நான்கு போட்டார். கீழே, கருத்து நன்று, இன்னும் ஆழம் தேவை என்று எழுதியிருந்தார்.'"

கடையே சிரித்தது. பெரியவர் சிரித்துச் சிரித்து இருமி, வாங்கின மருந்தை அங்கேயே திறந்து குடித்தார். அலமாரியில் ஏதாவது ஒரு டப்பாவுக்குள் புகுந்துகொள்ள முடியாதா என்று இருந்தது எனக்கு.

"தெள்ளத் தெளிவா இருக்கு. அஞ்சு," என்றார் புருல்கான் எஜே.

சராசரி மூன்று. நான் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் தலைமையாசிரியரிடம் போய், பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "நேத்தே எடுத்தாச்சு," என்றார். ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட என்னைப் பார்த்ததும், "ஆழம், ஆழம்" என்று கிசுகிசுத்துவிட்டு ஓடின. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அத்தனையையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசி மணிக்குப் பிறகு பெரிசாத்தை நிறுத்தினேன்.

"உனக்கு நல்லா எழுத வரும். அந்த ரஷ்யத் தாளப் பார்த்தேன். சொந்த மொழியில மட்டும் உனக்கு என்ன கேடு?"

"லரிசா பெத்ரோவ்னா படிப்பாங்க, அகாய்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. மணி எத்தனை என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

அந்த ஒரு வரியில் என் கோபமெல்லாம் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. மருந்துக் கடையில் பட்டது வெறும் அவமானம். இதுதான் வலித்தது.

"மொதல்லருந்தே இப்படித்தான் விளையாடுனியா?"

"இல்ல அகாய். ஏழாம் வகுப்புல மொதக் கட்டுரைய நெஜமாத்தான் எழுதினேன். எங்க மாடு செத்துப்போனதப் பத்தி. நீங்க 'இன்னும் ஆழம் தேவை'ன்னு போட்டீங்க." பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மாடு செத்துருச்சு. அதுக்கு மேல என்ன ஆழம் அகாய்?"

அலமாரியைத் திறந்து ஏழாம் வகுப்புக் கட்டை இழுத்தேன். தூசி பறந்தது. அவள் நோட்டு அடியில் கிடந்தது.

"வாசி," என்றேன்.

வாசித்தாள். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த காலுறைகளைத் தின்கிற மாடாம். பனியில் ஒருநாள் தானாகவே சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததாம். சிரித்தேன், அவளும் சிரித்தாள். கடைசிக்கு முந்தைய வரியில் தடுமாறி நின்றாள்.

"இது என்னன்னு எனக்கே தெரியல அகாய். ரொம்ப வேகமா எழுதிட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறேழு கம்புகள், ஒரு வளைவு, மறுபடி கம்புகள். அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். இரண்டுமே பொருந்தவில்லை. விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று பிடிபட்டது.

"'அழுதேன்'னு எழுதியிருக்க," என்றேன்.

பெரிசாத் குனிந்து பார்த்தாள். "ஆமா அகாய்."

"மாட்டுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டேன், மூன்று வருடம் கழித்து.