அண்ணன் என்றே எழுதுங்கள்

கூடாரத்துக்குள் நுழையும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து இழுத்து மூடிவிட வேண்டும். இது பிப்பாலுக் வகுத்த சட்டம். வெளிக்குளிரில் விறைத்துக் கிடந்த கண்ணாடி அடுப்பின் வெப்பத்தைக் கண்டதும் வியர்க்கும், நீர் கோக்கும், பிறகு தாரை தாரையாய் வடிக்கும். "கண்ணாடி அழும்" என்பான் அவள் அண்ணன் குலுத்தானா. அழுத கண்ணாடி தானாகக் காயும்வரை படப்பிடிப்பு இல்லை. துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

கிரீன்லாந்தின் வடகோடியிலுள்ள கானாக் ஊருக்கு வந்து இறங்கும் படக்குழுக்களைப் பனிக்கடலின் விளிம்புவரை கொண்டுபோய், உயிரோடும் உடைமையோடும் திருப்பிக் கொண்டுவருவது அவள் தொழில். பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டுவாள். இரும்புமுனைக் கழியால் பனியைக் குத்திக் குத்தி, எது தாங்கும் எது தாங்காது என்று பார்ப்பாள். குளிரில் உயிர் விடும் மின்கலங்களைத் தன் மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றுவாள். கரடி வந்தால் முதலில் விழிப்பவளும் அவள்; காப்பி தீர்ந்தால் முதலில் திட்டு வாங்குபவளும் அவளே. படம் முடிந்து பெயர்கள் திரையில் ஓடும்போது அவள் பெயர் கடைசி வரியில், பெரும்பாலும் எழுத்துப் பிழையோடு ஓடும். அதற்காக அவள் வருந்தியதில்லை. வருந்த வேண்டிய பிழை இனிமேல்தான் வரவிருந்தது.

இந்த வசந்தத்தில் வந்தவர்கள் இருவர். படத்தை இயக்குவதும் எடுப்பதும் தோர்பன். ஒலியைப் பதிவு செய்பவள் ரிக்கே. இருவரும் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள், இருவருமே அவளுக்குப் பழக்கமானவர்கள். இரண்டு வசந்தங்களுக்கு முன் இதே கடலில், இதே படத்துக்காக, அவள் அண்ணனின் வேட்டையைப் பதிவு செய்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அதே வசந்தத்தின் இறுதியில், குலுத்தானா நின்றிருந்த பனித்தட்டு உடைந்து போனது. நாய்கள் மட்டும் ஈரத்தோடு வீடு வந்து சேர்ந்தன. அவனைக் கடல் திருப்பித் தரவில்லை.

காலைக் காப்பியின்போது தோர்பன் பேச்சை எடுத்தான். நல்லவன்தான். நல்லவர்களுக்கே உரிய தயக்கத்தோடு கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பிப்பாலுக், உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு? கோபன்ஹேகன்ல தொலைக்காட்சிக்காரங்க கறாரா சொல்லிட்டாங்க. குலுத்தானாவோட கதைக்கு ஒரு முடிவு வேணும். முடிவு இல்லன்னா அவர் வர்ற காட்சி எல்லாத்தையும் வெட்டிடணுமாம். திமிங்கிலத்தையும் பறவையையும் வெச்சே முடிச்சுக்கலாம்ங்கறாங்க."

"என்ன முடிவு வேணுமாம்?"

"அவர் போன எடத்துல நீங்க நிக்கணும். தண்ணியப் பாக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். மனசுல இருக்கறது மொகத்துல தானா வரும்."

"அழணும்னு சொல்லுங்களேன். எதுக்கு இவ்வளவு சுத்து?"

ரிக்கே தலை குனிந்து சிரித்தாள். தோர்பனின் காது சிவந்தது.

பிப்பாலுக் உடனே மறுத்திருக்கலாம். மறுக்க முடியாமல் அவளைக் கட்டிப்போட்டது ஒரு சிறு காட்சி. தோர்பன் முதல் நாளே அதைக் காட்டியிருந்தான். குலுத்தானா வண்டி இழுக்கும் தன் முன்னோடி நாய்க்கு டேனிஷ் மொழியில் "உட்கார்" என்று கட்டளையிடுகிறான். நாய் அசையவில்லை. அவன் கேமராவைத் திரும்பிப் பார்த்து, "இதுவும் என்ன மாதிரிதான். பள்ளிக்கூடத்துல வாங்குன அடியெல்லாம் ஞாபகம் இருக்கு, பாடந்தான் மறந்துபோச்சு" என்கிறான். பிறகு அந்தச் சிரிப்பு! தொண்டையிலிருந்து கிளம்பித் தோளைக் குலுக்கி நாயையும் குரைக்க வைக்கும் சிரிப்பு. அவன் அசைந்து பேசிச் சிரிக்கும் படம் உலகத்தில் வேறு கிடையாது. அது திரையில் வாழ வேண்டுமானால் அவள் அழ வேண்டும். அழாவிட்டால் அது ஏதோ ஒரு பெட்டிக்குள் முடங்கிவிடும். இதுதான் அவள் முன் வைக்கப்பட்ட பேரம்.

"சரி, நாயப் பூட்டறேன்" என்றாள்.

பனி முடிந்து கடல் தொடங்கும் விளிம்பில் நீர் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் ஆவி, அடுப்பு அணைந்த வீட்டுப் புகைபோல, போகவும் மனமின்றி நிற்கவும் மனமின்றி மிதந்தது. பிப்பாலுக் கழியால் குத்திப் பார்த்து, தோர்பன் நிற்கவேண்டிய இடத்தைத் தன் குதிகாலால் கோடு கிழித்துக் காட்டினாள். கோட்டைத் தாண்டினால் படமும் இல்லை, படம் எடுக்க ஆளும் இல்லை என்றாள். ரிக்கே அவள் கழுத்துப் பட்டையில் ஒலிவாங்கியைக் குத்தினாள்.

"தண்ணியப் பாருங்க. அவர நெனைங்க" என்றான் தோர்பன்.

அவள் பார்த்தாள், அவனையே நினைத்தாள். நினைத்ததும் கண்ணில் வந்தது கடல் அல்ல, முந்தாநாள் காலை. புறப்படும் அவசரத்தில் காலணிக்குள் காலை விட்டபோது ஏதோ நொறுங்கியது. கப்பல் ரொட்டித் துண்டு! பக்கத்து வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டு, வாய் நிறைய ரொட்டித் தூளோடு, ஒன்றும் தெரியாதவன் போல நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உதடு பிரிந்தது. சிரித்துவிட்டாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றான் தோர்பன். "பரவால்ல, இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் ரொட்டிதான் வந்தது. அடுத்த தடவை, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்ததில் முகம் கோணிப்போனது.

"பிப்பாலுக், இது நீங்க பறிகொடுத்த அண்ணன்!" என்றான் தோர்பன், பொறுமையின் கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும் தோர்பன். என் அண்ணன் யாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் அழாதவள் அல்ல. அவன் போன அந்தக் கோடை முழுதும், தோல் உரிக்கும் கொட்டகைக்குள் நாய்த்தோல் கையுறையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதவள். அப்போது கேமரா எதுவும் வரவில்லை, வந்திருந்தால் விரட்டியடித்திருப்பாள். துக்கத்துக்கும் அளவெடுத்து, வெளியூரில் தைத்து, விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, "இந்தா, இதைப் போட்டுக்கொண்டு நில்" என்று நீட்டுகிறார்களே, அந்த அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுத்தது யார்? ஒரு மனிதன் செத்தபின் அவனுடைய இடம் வெறுமையாகத்தான் கிடக்க வேண்டும், அந்த வெறுமையின் கரையில் ஒரு பெண் கண்ணீரோடு நிற்கத்தான் வேண்டும் என்று எந்த நாட்டு ஏட்டில் எழுதியிருக்கிறது?

அப்போது ஊரோடு பேச வைத்திருந்த கைவானொலி கரகரத்தது. ஊரிலிருந்து பக்கத்து வீட்டு இவாலு. தங்கள் மொழியில் படபடவென்று பொரிந்தாள்.

"அக்கா, கேக்குதா? உங்க அண்ணன் காலைலருந்து ஒரே ரகளை. கஞ்சியத் தட்டி விட்டாச்சு. கல்லத் தூக்கி வாயில போட்டுக்கிட்டு துப்ப மாட்டேங்குது. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க, நான் சொன்னா எங்க கேக்குது?"

பிப்பாலுக்கின் முகம் மலர்ந்தது. வானொலியை வாயருகே கொண்டுபோனாள். "அண்ணே! ஏண்ணே, கல்லு நல்லாவா இருக்கு? துப்பிடுண்ணே. நான் வர்றப்ப உனக்குத் திமிங்கிலத் தோல் கொண்டாறேன். உன் பல்லுக்குத் தக்கன பொடிசா நறுக்கித் தரேன். என் செருப்புல ரொட்டி போட்டது நீதானே? திருடா!"

மறுமுனையில் ஏதோ மழலை. பிறகு டொக்கென்று கல் விழும் ஓசை. இவாலுவின் வெற்றிக் கூச்சல்.

பிப்பாலுக் திரும்பியபோது ரிக்கே காதொலிப்பானை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த மொழி தெரியாது. ஆனால் இரண்டு வசந்தங்களுக்கு முன் அண்ணனும் தங்கையும் பேசியதை நாள் கணக்கில் கேட்டவள் அவள். அந்த ஒரு சொல் மட்டும் அவள் காதிலேயே குடியிருந்தது.

"பிப்பாலுக்," என்றாள் மெதுவாக, "அந்தச் சொல்லு... குலுத்தானாவ மட்டும்தானே நீங்க அப்படிக் கூப்பிடுவீங்க? இப்ப யார்கிட்ட பேசினீங்க?"

"அண்ணன்கிட்ட."

தோர்பன் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான்.

பிப்பாலுக் பனிச்சறுக்கு வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். அண்ணன் போன அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இவாலுவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குலுத்தானாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்த நாள் முதல் அது அவளுக்கு அண்ணன். அவள் அதற்குத் தங்கை. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை அதற்குச் செய்கிறாள். முதல் காலணி அவள் தைத்தது. குலுத்தானாவோடு கடன் பகையாய்க் கிடந்த கிழவன் ஒருவன்கூட, அந்தக் குழந்தையிடம் வந்து கைகொடுத்து வழக்கை முடித்துக்கொண்டு போனான்.

"பொண்ணு... அண்ணனா?" என்றான் தோர்பன்.

"பேருக்கு ஏது ஆண், பெண்?"

"அப்ப மறுபிறவின்னு நம்பறீங்க."

"நம்பிக்கை கிம்பிக்கையெல்லாம் பாதிரியார்கிட்ட கேளுங்க, அவருக்குச் சம்பளம் அதுக்குத்தான். உங்க அம்மாவ அம்மான்னு கூப்பிடறப்ப ஏதாச்சும் நம்பிக்கிட்டா கூப்பிடறீங்க? கூப்பிடறீங்க, அவ்வளவுதான். செருப்புக்குள்ள ரொட்டிய எந்தக் குழந்தையும்தான் போடும். எனக்குத் தெரியாதா? ஆனா என் செருப்புல அத எங்க அண்ணன் போட்டான்."

தோர்பனின் கண்ணில் வேறொரு வெளிச்சம் ஏறியது. அதை அவள் அறிவாள். இரை தென்பட்ட வேட்டைக்காரனின் வெளிச்சம் அது. "பிப்பாலுக், இதுதான் முடிவு! ஊருக்குப் போயி அந்தக் குழந்தைய..."

"குழந்தைய எடுக்கக் கூடாது. வளரட்டும். அதுகிட்டயே கேட்டுட்டு எடுங்க."

"அப்ப எனக்கு என்னதான் மிச்சம்?"

"இப்ப ரிக்கே காதுல விழுந்துச்சே, அது. தண்ணிய எடுங்க, மேல அந்தப் பேச்ச விடுங்க. இவாலுகிட்ட நான் கேட்டுக்கறேன்."

தோர்பன் யோசித்தான். "சரி. கீழ ஒரு வரி விளக்கம் போட்டுடலாம். 'இறந்தவரின் பெயர் சூட்டப்பட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையுடன்'னு."

"அண்ணன்னு போடுங்க."

"பாக்கறவங்க குழம்பிடுவாங்க."

"குழம்பட்டுமே! உங்க ஊர்ப் படத்தப் பாத்து நான் குழம்பாத குழப்பமா? எவனாவது வந்து எனக்கு ஒரு வரி விளக்கம் போட்டானா? 'அண்ணே, கல்லத் துப்பு'ன்னு நான் சொன்னேன். நான் சொன்னத எழுதுங்க. நான் சொல்லாதத எழுதாதீங்க."

"அவங்க ஒத்துக்கலன்னா?"

அந்தச் சிரிப்பு அவள் காதில் கேட்டது, தோள் குலுங்கியது, நாய் குரைத்தது. அது எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது என்றுதானே இந்த விளிம்புவரை வந்தாள்?

"ஒத்துக்கலன்னா அண்ணனப் படத்துலேருந்து எடுத்துடுங்க" என்றாள். "பாதி அண்ணன் எனக்கு வேண்டாம். செத்த பாதிய மட்டும் காட்டி, இருக்கற பாதிய மறைக்கறதுக்கு நான் தண்ணிப் பக்கம் திரும்பி நிக்க மாட்டேன்."

ரிக்கே காதொலிப்பானைக் கழற்றித் தோர்பனின் காதில் மாட்டினாள். பதிவைப் பின்னோக்கி ஓட்டி விட்டாள். அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான். கறுத்த நீர், மேலே ஆவி, தூரத்தில் ஒரு கடல்நாயின் தலை மேலெழுந்து மூழ்கியது. அவன் காதுக்குள் ஒரு பெண் கொஞ்சுகிறாள், வைகிறாள், சிரிக்கிறாள். பிறகு டொக். அவன் மறுபடி ஓட்டச் சொன்னான். மூன்றாம் முறை கேட்கும்போது கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, யாரும் இல்லாத அந்த விளிம்பை நெடுநேரம் எடுத்தான்.

எடுத்து முடித்துக் காதொலிப்பானைத் திருப்பிக் கொடுத்தான். "அண்ணன்னே எழுதறேன்" என்றான். "அவங்களோட மல்லுக்கு நிக்கறது என் பாடு. ஜெயிப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியம் வேண்டாம். சண்ட போடுங்க, போதும்."

அன்றே ஊர் திரும்பினார்கள். பிப்பாலுக் வண்டியிலிருந்த திமிங்கிலத் தோலோடு நேரே இவாலுவின் வீட்டுக்குப் போனாள். மற்ற இருவரும் பின்னாலேயே நுழைந்தார்கள். உள்ளே அடுப்பு தகதகத்தது. பதிவுக்குச் சம்மதமா என்று பிப்பாலுக் கேட்டதற்கு, இவாலு "என்கிட்ட என்ன கேள்வி? உங்க அண்ணன், உங்க பேச்சு" என்று கையை விரித்தாள். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தது. தங்கையைக் கண்டதும் வாயைப் பிளந்து, கல் இல்லை என்று காட்டியது.

தோர்பன் அதன் முன்னால் மண்டியிட்டான். இரண்டு வசந்தங்களுக்கு முன் சீட்டாட்டத்தில் தன்னை மொட்டையடித்தவனுக்கு என்ன சொல்ல? கடைசியில், "குலுத்தானா, நான் வந்துட்டேன்" என்றான். அது எழுந்து தள்ளாடி வந்து அவன் குல்லாயைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டது. பிறகு சிரித்தது. அப்படி, தோள் குலுங்க.

அவ்வளவுதான். சட்டமும் மறந்தது, சற்றுமுன் ஒப்புக்கொண்டதும் மறந்தது. அவன் கை தானாகப் பைக்குப் போனது, இழுத்துத் திறந்தது, கேமரா வெளியே வந்தது. கண்ணாடி வெளுத்தது, முத்து முத்தாய் நீர் அரும்பியது, ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பு வழியே ஓடி அவன் முழங்காலில் சொட்டியது.

இவாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரிக்கே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டீங்களே, இந்தாங்க" என்றாள் பிப்பாலுக். "வேணுங்கற மட்டும் அழுதாச்சு."

தோர்பன் வெட்கத்தோடு சட்டைக் கையை இழுத்துத் துடைக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதீங்க. அதுவா காயட்டும்."

பிறகு தரையில் அமர்ந்து, கத்தியை எடுத்து, அண்ணனின் பல்லுக்குத் தக்கபடி திமிங்கிலத் தோலைப் பொடிப்பொடியாய் நறுக்கத் தொடங்கினாள்.