மூன்றாவது எட்டு

ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சின்னச் சின்னத் திரைகளுக்கு மின்தடம் வரைவது அருள்மொழியின் வேலை. கண்ணாடிக்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் ஓட வேண்டும். கோடு அறுந்தால் எண் தெரியாது. அவள் வரைந்த திரையோடு வெளிவந்த சர்க்கரை மீட்டரை ஆசையாக அப்பா மொக்கையனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

தீபாவளி லீவுக்குச் சொந்த ஊரான சிலமலைக்கு வந்தாள். காய் எடுப்பு நேரமென்று அப்பாவும் அம்மாவும் மலையில் ஏலத்தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் அம்மா முனியாயி போனில் பதறினாள்.

"ஆத்தா, ஒங்கப்பா எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. வாந்தி வேற. மிசினுல அறுபத்தாறு காட்டுது."

"சர்க்கரை கொறஞ்சு போச்சும்மா. வெரசா சீனித் தண்ணி குடு."

கொடுத்தாள். அரைமணி கழித்து எழுபத்தொன்று. இன்னொரு டம்ளர் கொடுத்தாள். அவருக்குப் பேச்சுக் குழறுவதும் மூச்சு வாங்குவதும் போனிலேயே கேட்டது.

சர்க்கரை குறைந்தால் இப்படி மூச்சு வாங்காதே. அருள்மொழிக்கு மீட்டர் மேல் சந்தேகம் வந்தது.

"அம்மா, மிசின அணைச்சுட்டுப் போடு. போட்டதும் எட்டு எட்டா வரும். எத்தன எட்டு?"

"ரெண்டு."

எல்லா இடத்திலும் எண் தெரிகிறதா என்று காட்டத்தான் அந்த எட்டுகள்; மூன்று வர வேண்டும். நூறாமிடத்துக்கான கோடுகள் கண்ணாடியின் ஓரத்தில் ஓடுபவை. கம்பெனியில் திரையைச் சுருக்கச் சொன்னபோது அவற்றைத்தான் அவள் மெலிதாக்கினாள். மலை ஈரத்தில் அவை அறுந்துபோகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. முந்நூற்று அறுபத்தாறோ நானூற்று அறுபத்தாறோ, வெறும் அறுபத்தாறாகத் தெரிந்திருக்கிறது.

"சீனித் தண்ணி குடுக்காதம்மா! ஜீப்புல ஏத்திக் கீழ கொண்டா!"

மழையில் பாதை சரிந்திருந்தது. மலையடிவாரத்தில் முந்தலுக்கு மேலே யாரையும் விடவில்லை. நாலு பேர் மொக்கையனைக் கட்டிலோடு தூக்கிச் சரிவைத் தாண்டியபோது சாயங்காலமாகிவிட்டது. அதுவரை அருள்மொழி முந்தலிலேயே நனைந்துகொண்டு நின்றாள். இடையில் ஆபீசுக்குப் பேசினாள்.

"இந்தத் திரை வச்ச மீட்டர் எத்தன வெளிய போயிருக்கு சார்?"

"நாப்பதாயிரம் இருக்கும். லீவு முடிஞ்சு வாங்க, பேசுவோம்."

தேனி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மொக்கையன் கண் திறந்தார். மகளை வெறித்துப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. நினைவு திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

வராந்தாவில் முனியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னத ஒண்ணு விடாமத்தான செஞ்சேன் ஆத்தா. நான் எதுல தப்புப் பண்ணுனேன்?"

"நீ பண்ணலம்மா" என்றாள் அருள்மொழி.