மூக்கில் ஏறாத மருந்து

என் வீட்டுக்காரர் தர்மனின் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பேன். குன்னம் பக்கம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் போகாது, குமட்டும். அதைவிட அசிங்கம் அவர் மருந்து கலக்குகிற லட்சணம். மூடியில் ஊற்றி மூக்கருகே வைத்து இழுப்பார். சுருக்கென்று ஏறினால் நல்ல சரக்கு, ஏறாவிட்டால் இன்னொரு மூடி. அப்புறம் வெறும் கையை வாளிக்குள் விட்டுக் கலக்குவார். இங்கே மருந்து அடிக்கிற எல்லாருக்கும் இதே வழக்கம்தான்.

இந்த வருடம் எந்த மருந்தும் மூக்கில் ஏறவில்லை என்றார். கடைக்காரன் டூப்ளிகேட் விற்கிறான் என்று ஏசிக்கொண்டே மேலும் மேலும் ஊற்றினார். சட்டையோ முன்னைவிட நாறியது. சொன்னால், எனக்குத்தான் மூக்கில் கோளாறாம்.

கார்த்திகையில் அவருடைய வலது கை சும்மா இருக்கும்போதே நடுங்க ஆரம்பித்தது. பெரம்பலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு காபித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டி, என்ன வாசம் என்று கேட்டார். நான் நின்ற இடத்துக்கே வாசம் வந்தது. தர்மன் உள்ளே எட்டிப் பார்த்து, காபித்தூளா என்று கேட்டார்.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல டோபமின் என்று ஒன்றை வெளியே விடுமாம். சேதி சொன்னதும் அதைத் திரும்ப அள்ளி உள்ளே சேர்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். சில பூச்சிமருந்துகள் அந்தப் போக்குவரத்தையே கெடுத்துவிடுமாம். வருடக்கணக்கில் பட்டால் நரம்பே செத்துப்போகலாம், முதலில் வாசனை போகும், நடுக்கம் பின்னால் வரும் என்றார் டாக்டரம்மா. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இனி மருந்தைத் தொடவே கூடாது என்றார்.

ஆக, மருந்தில் ஒரு குறையும் இல்லை. செத்தது இவர் மூக்கு. அந்தச் செத்த மூக்குக்குப் படைக்கத்தான் இத்தனை விஷத்தையும் ஊற்றியிருக்கிறார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், வாசலில் ஸ்பிரேயரும் வாளியும் இருந்தன. நடராசன் என்பவரின் பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்க வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். மூடி நிறைய மருந்தை ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கை நடுங்கி என் சேலையில் சிந்தியது.

"டாக்டரம்மா சொன்னது சரிதான் புள்ள. என் மூக்கை நம்பக் கூடாது. நீ மோந்து சொல்லு, ஏறுச்சுன்னா ஒரு மூடியோட நிறுத்திக்கிறேன்."

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"அப்ப நல்ல சரக்குதான்" என்று சொல்லிவிட்டு, தர்மன் வாளிக்குள் கையை விட்டார்.