மூன்று நுரையீரல் புழுக்கள்

தேர்வாளர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆய்வக உதவியாளர் ஸ்லைடுப் பெட்டியை மூன்றாவது முறையாகத் திறந்து, அந்த மூன்று கண்ணாடித் துண்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. தொலைந்துபோயிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் ஒரு ஸ்லைடைக்கூட உடைத்ததில்லை. அதனால் துறையில் அவருக்குப் பஞ்சுக்கை என்று பெயர்.

சன்னலோரம் ஆராய்ச்சி மாணவி நின்றுகொண்டே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தவளைகளுக்குள் வாழும் தட்டைப்புழுக்களோடு ஐந்து ஆண்டுகளைக் கழித்தவள். இன்று அவளுக்கு வாய்மொழித் தேர்வு.

"கேளுங்கண்ணா. தவளையோட நுரையீரல்ல புழு முட்டை போடுது. முட்டை தொண்டைக்கு ஏறி வருது, தவளை அதை முழுங்குது, கழிவோட தண்ணிக்குப் போகுது. அதை நத்தை திங்கணும். நத்தைக்குள்ள பெருகி, வால் வெச்ச குஞ்சா நீந்தி வெளிய வரணும். தண்ணிக்குள்ள இருக்கிற தும்பிக்குஞ்சு மூச்சு இழுக்கறப்ப உள்ள போயிடணும். தும்பி வளர்ந்து பறக்கணும், அதைத் தவளை புடிச்சுத் திங்கணும். எனக்கு ஒரு பட்டம் கிடைக்க எத்தனை பேர் சாக வேண்டியிருக்கு பாருங்க!"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த இனம்னு கேட்டா?"

"அங்கதானே நம்ம துருப்புச்சீட்டு! தெரிஞ்ச இனத்துல ரெண்டு விந்தகமும் சாய்வா, ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு இருக்கும். நம்ம மூணு புழுவுலயும் தள்ளித்தள்ளி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. உடம்பும் அகலம். புது இனம்ணா, புது இனம்!"

அந்த அகலம் எப்படி வந்தது என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உயிருள்ள புழு அடங்கி இருக்காது. நீளும், சுருங்கும், திரும்பிப் படுக்கும். மெல்லிய மூடுகண்ணாடியை மேலே வைத்து லேசாக அழுத்தி, அப்படியே மருந்து விட்டுக் கொல்ல வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது கைக்குத்தான் தெரியும். போன மழைக்காலத்தில் ஒருநாள், மூன்று புழுக்களின் மூடுகண்ணாடிகள் மேலும் பித்தளை எடைக்கற்களை வைத்த நேரத்தில் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. காய்ச்சலில் மயங்கி விழுந்துவிட்டாளாம். போட்டது போட்டபடி ஓடினார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மூன்று புழுக்களும் தண்டவாளத்தில் வைத்த காசு மாதிரி நசுங்கி விரிந்திருந்தன; விந்தகங்களும் இடம் விலகியிருந்தன. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குளத்துத் தவளைகளில் அந்த ஆண்டு கிடைத்தவை அந்த மூன்றுதான். சாயமேற்றி, சீட்டு ஒட்டி, வாயைத் திறக்காமல் பெட்டியில் வைத்தார். அடுத்த வாரம் மாணவி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, புது இனம் என்று கத்தியபோது சொல்லிவிடத்தான் எழுந்தார். அதற்குள் பேராசிரியர் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமாயிற்று. ஒரு அத்தியாயம் எழுதப்பட்டது. பிறகு ஆய்வேடே அதைச் சுற்றி எழுதப்பட்டது.

"பாப்பா, ஒரு விஷயம்..." என்றார்.

"நான் முதல்ல சொல்லிடறேன். அப்புறம்னா அழுதுடுவேன். அந்தப் புழுவுக்கு உங்க பேரைத்தான் வெச்சிருக்கேன். சாருக்கும் சம்மதம். உலகம் இருக்கிற வரைக்கும் நீங்க தவளை நுரையீரல்ல குடியிருப்பீங்க!"

அவர் ஸ்லைடுப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

தேர்வாளர் ஒல்லியான, நரைத்த அம்மாள். கேள்விகளை மெல்லிய குரலில் கேட்டார். மாணவி நத்தையையும் தும்பியையும் தடுமாறாமல் கடந்தாள். பிறகு அந்த அம்மாள் மூன்று ஸ்லைடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் வைத்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"ரொம்ப அழுந்தின மாதிரி தெரியுதே. இந்த ஸ்லைடெல்லாம் யாரு போட்டது?"

"எங்க அண்ணன்தான் மேடம். இவரைப் பஞ்சுக்கைன்னுதான் கூப்பிடுவோம்," என்றாள் மாணவி பெருமையாக.

"அதே குளத்துப் புழு வேற இருக்கா?"

"காலையிலதான் ஒரு தவளையை அறுத்தோம். உப்புத் தண்ணியில ரெண்டு உயிரோட இருக்கு. நான் இன்னும் பார்க்கக்கூட இல்ல மேடம்."

அம்மாள் உதவியாளரைப் பார்த்தார். "என் கண்ணு முன்னாடி ஒண்ணு போடுங்க. அன்னிக்குப் போட்ட மாதிரியே."

எடைக்கல் மேசையிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. புழுவைத் தூரிகையால் எடுத்து ஒரு சொட்டு நீரில் விட்டு, மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்கி, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தார். உயிருள்ள புழு மெதுவாக அசைந்தது. இரண்டு விந்தகங்களும் சாய்வாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. புத்தகத்தில் இருக்கும் அதே பழைய இனம். எடைக்கல் இல்லாமலும் அந்த விந்தகங்களைப் பிரிக்க வழியுண்டு. கண்ணாடியின் ஓரத்தில் மையொற்றுத் தாளை வைத்தால் அது நீரை உறிஞ்சும். நீர் வற்ற வற்றக் கண்ணாடி இறங்கும். புழு நசுங்கி விரியும். வழக்கமாக நான்கு எண்ணுவதற்குள் தாளை எடுத்துவிடுவார்.

மையொற்றுத் தாளை வைத்தார்.

"அண்ணா, தாளை இன்னும் எடுக்கல," என்றாள் மாணவி தாழ்ந்த குரலில். முதன்முறையாக அவள் குரலில் சந்தேகம் இருந்தது.

அவர் மனசுக்குள் நான்கு எண்ணி முடித்திருந்தார். கண்ணாடிக்கடியில் புழு விரியத் தொடங்கியது. தாளின் ஈரக்கோடு மெல்ல ஏறி, அதைப் பிடித்திருந்த அவர் விரல்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.