பெரோக்கால் பெயரில் ஓர் ஆட்டம்

ஹெரேஸ் நகரத்தின் சந்தியாகோ தெருக்களில் பெரோக்கால் வீட்டார் நான்கு தலைமுறையாக ஃபிளமெங்கோ பாடுகிறார்கள். அந்தப் பெயரோடு மேடையேற யாருக்குத் தகுதி உண்டு என்று தீர்மானிப்பவர் மூத்தவரான தமியான். மருமகள் மிலாக்ரோஸ் காதிஸ் துறைமுகத்து மீன்காரர் வீட்டுப் பெண். பதினொரு வருடமாக அவளை அவர் மேடையேற விட்டதில்லை. இன்று விட்டிருந்தார், ஒரு நிபந்தனையோடு.

"என் பாட்டுக்குத்தான் ஆடணும். தாளம் ஒரு தடவை தப்பினாலும், இனிமே எங்க பேரைச் சொல்லி ஆடக்கூடாது."

"சரி மாமா. நீங்க பாடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள் அவள், காலணி வாரை இழுத்துப் பூட்டியபடி.

பாடகர் சங்கக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கொண்டைக்கடலையும் கீரையும் பன்றி இறைச்சியும் சேர்ந்து வெந்த குழம்புக் கிண்ணங்கள் தலைக்கு மேலாகக் கைமாறின. முன்மேசையில் ஷெர்ரி மதுக் கோப்பையும் கையுமாகக் கூர்ரோ லகாரெஸ். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எதிர்க்குடும்பத்துப் பாடகர்.

"என்ன தமியான், மீன்காரி மேடையேறுறாளாமே? தராசும் கொண்டு வந்திருக்காளா?"

"உன் குரலை எடை போட்டுப் பாக்கணுமாம், அதான்."

மேசை முழுக்கச் சிரித்தது.

தமியானின் மகன், மிலாக்ரோஸின் கணவன் அந்தோன் கிதாரை மீட்டினான். பன்னிரண்டு எண்ணிக்கையில் சுற்றி வரும் வேகத் தாளமான புலேரியா. தமியான் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்து கைதட்ட, கூடமே சேர்ந்து தட்டியது. அவர் பாடினார், அவள் எழுந்தாள். பிறகு அவள் கால்கள் பேசத் தொடங்கின. கால்வேலை நடக்கும்போது பாடகர் வாய் திறக்கக்கூடாது. அவள் குதிகாலால் தட்டி அழைத்த பிறகுதான் அடுத்த வரியை எடுக்க வேண்டும்.

பலகை அதிர்ந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதையா பதினொரு வருடம் அடுப்படியில் பூட்டி வைத்தோம்? அந்தப் பரவசத்தில், அவள் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றதை அழைப்பு என்று எண்ணிக் குரலை எடுத்துவிட்டார்.

அந்தோனின் விரல்கள் தடுமாறின. பாதியில் நிறுத்துவது இன்னும் பெரிய அவமானம். அவர் குரலை விடவில்லை.

மிலாக்ரோஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பாவாடையை இரு கையாலும் அள்ளிப் பிடித்துச் சிலையாக நின்று அந்த வரி முழுவதையும் கேட்டாள். கடைசிச் சொல் விழுந்த இடத்தில் பலகையில் மூன்று மிதி. பன்னிரண்டில் பத்தாவது எண்ணிக்கையில், புலேரியா எங்கே முடிய வேண்டுமோ அங்கே, வெட்டினாற்போல முடித்தாள். ஒத்திகை பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று கூடம் நம்பியது. "ஓலே" என்று எழுந்த சத்தத்தில் கோப்பைகள் குலுங்கின.

ஆட்டம் முடிந்ததும் கூர்ரோ வந்து கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "அடப்பாவி, அவ கூப்பிடறதுக்கு முன்னாடியே பாட்டை எடுத்தியே. எப்படிய்யா தோணுச்சு உனக்கு?"

ஒரு தலையசைப்பு போதும், புகழ் தமியானுடையது. மருமகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் சம்பாதித்ததை எடுத்துக்கொள்வதற்கு அவர் வீட்டில் வேறு பெயர் உண்டு.

அவர் நிமிர்ந்து நின்றார். "தோணல, கூர்ரோ. தப்பு பண்ணேன். தாளத்தை விட்டது நான். பிடிச்சது அவ."

மருமகள் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நிபந்தனைப்படி யாரு நிறுத்தணும் மாமா?" மிலாக்ரோஸ் சிரிக்காமல் கேட்டாள்.

"நான்தான். இன்னிக்கு உக்காந்து கைதட்டறேன்." அவர் தன் நாற்காலியைக் கூர்ரோவின் பக்கம் நகர்த்தினார். "நீ பாடுய்யா. பெரோக்கால் வீட்டுப் பொண்ணு ஆடப்போறா. அவ கூப்பிடற வரைக்கும் வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு."