முட்டுப் பலகையின் விலை

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. உள்துறைமுகத்தின் நீர் இன்னும் ஈயம்போல் கறுத்துக் கிடந்தது. பண்டகசாலைக்குப் பின்னால் வெட்டப்படும் மழைநீர் வடிந்தோடும் கானின் விளிம்பில் பூரணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு அடி ஆழம். கீழே நிற்பவர்கள் ஈர மணலை வெட்டிக் ஓலைக் கடகத்தில் நிரப்புவார்கள். நிரம்பியதும் "எடு!" என்று குரல் வரும். மேலே நிற்கும் பெண்கள் இழுப்பார்கள். ஒரு கடகம் அரை அந்தர், அரை மூட்டைச் சீமெந்தளவு, கனக்கும். கயிறு உள்ளங்கையை அறுக்கும். அறுத்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும்.

"எடு!"

பூரணி இழுத்தாள். கடகம் கனமே இல்லாமல் மேலே வந்தது. உள்ளே ஒரு பிடி மணல்கூட இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். கீழே ஒருவரும் இறங்கியிருக்கவில்லை. இறங்க வேண்டிய இருவரும் ஏணிக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆர் கூப்பிட்டது?"

எல்லோருக்கும் கேட்டிருக்கிறது என்பது முகங்களில் தெரிந்தது. அது ஜமால்தீனின் குரல். ஜமால்தீன் மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு நாளாகிறது.

இது நடந்தது எழுபத்திநாலாம் ஆண்டு புரட்டாதிக் கடைசியில். ஜமால்தீன் கிண்ணியாக்காரன். கிணறு வெட்டிப் பழகிய உடம்பு. மணலின் நிறத்தைப் பார்த்தே அதற்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். சாகும் நாள் காலையிலும் சொன்னான்: "இந்த மண்சுவர் வேர்க்கிது. பலகை வெச்சி முட்டுக் கொடுக்கணும்." மத்தியானம் சுவர் சத்தமில்லாமல் அவன்மேல் சரிந்தது. மேசன் தாஹிர்தான் முதலில் குதித்தவன். மண்வெட்டி பட்டுவிடும் என்ற பயத்தில் கைகளாலேயே தோண்டினான். விரல்களில் முதலில் தட்டுப்பட்டது தலைமயிர். அந்த நாளிலிருந்து தாஹிர் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சற்று நேரம் அசையாமல் இருப்பான்.

வேலை மூன்று கிழமை நின்று இன்றுதான் மறுபடி தொடங்கியிருந்தது. கான் அப்படியே இருந்தது. சுவரும் அப்படியே வியர்த்தது. பலகை ஒன்றுகூட வரவில்லை.

"நான் இறங்கமாட்டன்" என்றான் ஏணிக்காரரில் ஒருவன். மற்றவனும் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு அன்று கடகம் கீழே போகவில்லை.

பத்து மணிக்குத் தாஹிரும் பூரணியும் தோணித்துறையில் தோணி ஏறிக் கிண்ணியாவுக்குப் போனார்கள். ஜமால்தீனின் மனைவியின் பெயர் சித்தி பரீதா. கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். ஆண்களின் முன்னால் வரமாட்டாள். தாஹிர் வேலிக்கு வெளியே நின்றான். பூரணி மட்டும் உள்ளே போனாள்.

சித்தி பரீதா அழவில்லை. மடித்த கடிதமொன்றை எடுத்துப் பூரணியிடம் கொடுத்தாள். கான் வேலையை எடுத்திருந்த கொழும்புக் கம்பனி அனுப்பியது. இறந்தவர் தன் கவனக்குறைவால் இறந்தார் என்று எழுதி, கைநாட்டு வைக்க இடமும் விட்டிருந்தார்கள்.

"வெச்சா ஆயிரம் ரூவா தருவாங்களாம்" என்றாள். "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. அங்க பலகை இருந்திச்சா?"

"இல்ல அக்கா."

"அவர் கேட்டாரா?"

"கேட்டவர். நான் பக்கத்தில நிண்டனான்."

சித்தி பரீதா கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். "அப்ப ஏன் எல்லாரும் சும்மா இருக்கிறீங்க?"

வேலிக்கு வெளியே நின்ற தாஹிருக்கும் அது கேட்டது. திரும்பும் வழியெல்லாம் தோணிக்கு அடியில் தண்ணீர் யாரோ மூச்சு விடுவதுபோலச் சத்தமிட்டது.

கானை வெட்டுவித்த ஒப்பந்தக்காரர் சிவகுருநாதன். பாலையூற்றில் வீடு. ஒரு பழைய லொறி, இரண்டு கொங்கிறீட் கலவைப் பெட்டி, கிண்ணியாவிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் இருபது ஆள். அதுதான் அவருடைய கொந்தராத்து நிறுவனம். அன்று மத்தியானம் தகரக் கந்தோரில் அலுவல் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தவர் வேலைக்காரர் எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு வந்ததைக் கண்டு எழுந்தார். கிழமைக் கணக்கில் சவரம் செய்யாத முகம்.

"ஏன் வேலை நிக்குது? மழைக்கு முன்னம் முடிக்கவேணும்."

"பலகை வந்தா இறங்குவம்" என்றான் தாஹிர்.

"கணக்கில பலகைக்கு விலை இல்லை."

"ஜமால்தீனுக்கு இருந்திச்சா?"

சிவகுருநாதன் மேசையில் கையை ஊன்றினார். "உங்களுக்கு என்ன தெரியும்? பெரிய கொந்தராத்துக் கேக்க என்னட்டை மிசின் இல்லை, வங்கிப் பிணை இல்லை. கொழும்புக்காரன் கேட்டு எடுத்தான். நூற்றுக்கு இருபத்தைஞ்சைத் தான் வைச்சுக்கொண்டு மிச்சத்துக்குக் கானை என்னட்டைத் தந்தான். சீமெந்துப் பெர்மிட் அவன்ர பேரில. நான் வெளியில கறுப்பு விலைக்கு வாங்கிறன். தையில பேசின விலை. இப்ப டீசல் என்ன விலை, மரம் என்ன விலை? அதுக்கும் மேல மூதூர்க் கொந்தராத்துக்காரன்ர விலையைக் கொண்டந்து என்ர மூஞ்சைக்கு முன்னால நீட்டினாங்கள். 'இவர் குறைச்சுச் செய்யிறார், நீர் என்ன சொல்றீர்?' எண்டாங்கள். இந்த மண்ணில பிறந்து, இந்தத் துறைமுகத்தில ஒரு சுவர் கட்ட நான் பிச்சை எடுக்கவேண்டிக் கிடக்கு!"

"அப்ப என்னத்தைக் குறைச்சீங்கள்?" பூரணி கேட்டாள்.

அவர் மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்தார். வேலைகளும் விலைகளும் வரிவரியாகத் தட்டச்சடித்திருந்தன. ஏழாவது வரி: மண் சரியாதபடி பலகை அடைத்து முட்டுக் கொடுத்தல். அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அளவுகோல் வைத்து அடித்தது போன்ற நேர்க்கோடு.

"நான்தான் அடிச்சனான்" என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "கண்ணை மூடினா இந்த வரிதான் தெரியுது. மனிசி சாப்பாடு போட்டா தட்டில தெரியுது."

பூரணி தாளை மேசையில் வைத்தாள். "சீமெந்து விலை உங்கட கையில இல்ல. டீசல் இல்ல. கொழும்புக்காரன்ர இருபத்தைஞ்சும் இல்ல. உங்கட கையில இருந்தது எங்கட உயிர் ஒண்டுதான். அதை வெட்டினீங்கள்."

"பார்த்துக்கொண்டிருந்தாக் காணாது முதலாளி" என்றான் தாஹிர். "பலகை போடல்ல எண்டு எழுதித் தாங்க. ஏன் போடல்ல எண்டும் எழுதுங்க."

"எழுதினா இனி எனக்கு ஒரு வேலையும் தரமாட்டாங்கள். மறியல்சாலைக்கும் போகவேண்டி வரும்."

"எழுதாட்டி அந்த வரி உங்கள விட்டுப் போகுமா?"

அந்த நேரத்தில் கம்பனியின் எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினான். வாசலில் நின்றபடியே கூட்டத்தை அளந்தான். "வேலை செய்ய ஏலாதெண்டா வீட்டை போங்கோ. நாளைக்கு விடிய மூதூர் ஆக்கள் வருவினம். அவையள் இதைவிடக் குறைச்சுச் செய்வினம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைய பின்னேர லோஞ்சுப் படகில் தாஹிர் மூதூருக்குப் போனான். அங்கே தலைமை மேசன் ஆதம்பாவாவைக் கண்டு நடந்ததை எல்லாம் சொன்னான். ஆதம்பாவா தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"கவலைதான் தம்பி. ஆனா எங்கட ஊட்டுலயும் அடுப்பு எரியணும். ரெண்டு மாசமா வேல இல்ல" என்றான்.

மறுநாள் விடியலில் வானம் மூடிக் கிடந்தது. கானின் விளிம்பில் இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இறங்குதுறையிலிருந்து பதினெட்டுப் பேர் மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஆதம்பாவா. எஞ்சினியர் சிரித்துக்கொண்டு அவர்களை எதிர்கொண்டான்.

ஆதம்பாவா நேரே விளிம்புக்கு வந்தான். கீழே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குதிக்காலால் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினான். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பலகை எங்க ஐயா?"

"உங்கட விலையில பலகை இல்லை."

"முதலாளிமார் ரெண்டு பேரையும் மோத விட்டு விலையைக் குறைச்சீங்க" என்றான் ஆதம்பாவா. "இப்ப எங்களையும் மோத விடப் பார்க்கிறீங்க. ஏலாது." மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தாஹிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினேழு மண்வெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அப்போது சிவகுருநாதன் வந்தார். நேற்றைய உடுப்பே உடம்பில் இருந்தது. எஞ்சினியரிடம் ஒரு கடதாசியை நீட்டினார். பலகை போடப்படவில்லை, விலையைக் குறைக்கும்படி கம்பனி நெருக்கியதால் அந்த வரியை வெட்டியவன் நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். எஞ்சினியர் அதைப் படித்து, நான்காகக் கிழித்தான்.

"பரவாயில்லை. அது கார்பன் பிரதி" என்றார் சிவகுருநாதன். "மற்றதை விடிய முதல் தோணியில சித்தி பரீதாட்டைச் சேரச் சொல்லி அவ வீட்டு வேலியில குடுத்திட்டு வந்தனான்."

அவரை யாரும் பாராட்டவில்லை. யாரும் இடம் விடவுமில்லை. அவர் கூட்டத்துக்கு ஓரமாகத் தனியே நின்றார்.

"பொலிசைக் கூப்பிடுவன்!" எஞ்சினியர் கத்தினான்.

"கூப்பிடுங்கோ" என்றாள் பூரணி. "எங்களுக்கும் சொல்லக் கதை இருக்கு."

முதல் மழைத்துளிகள் விழுந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மழை கனத்தது. திடீரென்று எதிர்ப்பக்கச் சுவர் நடுவில் வெடித்து, ஒரு பெருமூச்சைப்போலக் கானுக்குள் சரிந்தது. ஏணி முறிந்து புதைந்தது. எல்லோரும் பதறி எழுந்து, விளிம்பிலிருந்து பின்வாங்கி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

கீழே ஒருவரும் இல்லை.

எஞ்சினியரின் முகம் வெளுத்திருந்தது. தொலைபேசி எடுக்கவோ என்னவோ, கந்தோரை நோக்கி நடந்தான். பொலிஸ் வரலாம். கம்பனி இன்னொரு ஊரில் இன்னும் பசித்த ஆட்களைத் தேடலாம். அவர்களுக்கு அது தெரியும். தாஹிர் நனைந்த மணலில் மறுபடி உட்கார்ந்தான். கிண்ணியாவும் மூதூரும் பாலையூற்றும் என்று பிரிந்திருந்த முப்பத்தெட்டுப் பேரும், இந்த முறை இடைவெளி விடாமல், நெருங்கி உட்கார்ந்தார்கள்.