மஞ்சள் தொட்ட முந்தி

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பெண்களுக்கெல்லாம் நைலான் சேலை கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே ரோஸ் நிறம். அந்தத் தெருவில் அதுவரை நைலானை உடுத்திப் பார்த்தவர்கள் கிடையாது. சிவகாசி ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மை உடுத்தியிருந்ததை வெளியே நின்று பார்த்ததோடு சரி. கசங்காது, சாயம் போகாது, துவைத்துப் போட்டால் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சின்னத்தாய் தகரப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் அக்கா வேலுத்தாய் மட்டும் தன் சேலையைப் பிரிக்கவேயில்லை.

காரணம் சோலையம்மாள். பெரியம்மா மகள். போன தீபாவளி சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்துச் செத்தாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது, மெட்ராஸிலிருந்து தம்பி வாங்கி அனுப்பிய நைலான் சேலை. குளிப்பாட்ட உட்கார்ந்தவர்களில் வேலுத்தாயும் ஒருத்தி. நூல் சேலையென்றால் எரிந்து சாம்பலாக உதிர்ந்துவிடும். இது உருகி ஒட்டியிருந்தது. எது சேலை, எது தோல் என்று தெரியாமல் வேலுத்தாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சோலையம்மாள்தான் மருந்துத் தட்டைக் கைதவறிப் போட்டுவிட்டாள் என்று கம்பெனியில் சொன்னார்கள். சேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது கம்பெனி காலண்டர் போடப்போகிறதாம். பொங்கலுக்கு மறுநாள் காலையில் படம் பிடிப்பவர் வருகிறார். பெண்கள் அத்தனை பேரும் புதுச்சேலையில், அவரவர் வேலை செய்கிற இடத்திலேயே உட்கார வேண்டும். தெருவில் மற்றப் பெண்கள் காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள். அவர்களுக்குப் பெரிய பயமில்லை. சின்னத்தாய் ஒருத்திதான் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் இருந்தாள்.

வேலுத்தாய் போர்மேன் கனகசபாபதியிடம் போய் நின்று, மருந்து அறையில் இந்தச் சேலை வேண்டாமென்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"ஏத்தா, மொதலாளி பிரியமா எடுத்துக் குடுத்திருக்காக. ஒனக்கு வேண்டாம்னா பெட்டியில போட்டு வையி. மத்தவுகளக் கலைச்சேன்னா அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வீட்ல இருக்க வேண்டியதுதான்."

தாய் தகப்பன் இல்லாத வீடு. வேலை போனால் அடுப்பில் பூனைதான் படுத்துக்கொள்ளும். வேலுத்தாய் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். தங்கச்சியிடம் கெஞ்சினாள், மிரட்டினாள், சோலையம்மாளைப் பற்றிச் சொன்னாள். சின்னத்தாய் சேலையின் முந்தி ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மருந்து அடைத்து ஏறிய, எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளிப்பொடி அவள் விரலில் எப்போதும் இருக்கும். மஞ்சளோடு அதுவும் சேர்ந்து பொட்டு சாம்பல் மினுமினுப்பாக விழுந்தது.

"ஏக்கா, பெறந்ததுலருந்து அடுத்தவுக கட்டிக் கழிச்சதத்தான கட்டுறேன். ஒரு நாளு காலண்டர்ல அழகா இருந்துட்டுப் போறேனே" என்றாள்.

வேலுத்தாய் வேறு வழி தேடினாள். சொன்னால் ஏறாதது கண்ணால் பார்த்தால் ஏறும் என்று நினைத்தாள். நோய் தீர்ந்தவர்கள் அம்மனுக்கு மண் உருவம் எடுத்து வைப்பது அந்த ஊர் வழக்கம். மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் இடுப்புயரத்துக்கு ஒரு பெண் உருவம் செய்யச் சொன்னாள். என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டபோது நெஞ்சு வலி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

பொங்கலன்று சாயங்காலம் உருவத்துக்குத் தன் நைலான் சேலையைச் சுற்றிவிட்டு, அக்கினிச்சட்டி இறக்குகிற வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். கடைக் கண்ணாடிக்குள் இருந்த பொம்மை மாதிரியே இருந்தது. கண்மாய்க்கரையில் வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. சாமி குத்தமாகிவிடுமோ, போர்மேன் காதுக்குப் போய்விடுமோ என்று பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. பெண்கள் கூடி நின்ற நேரம் பார்த்து, இறக்கிவைத்த சட்டி ஒன்றின் பக்கமாக முந்தியைத் தள்ளிவிட்டாள்.

குப்பென்று பிடித்தது. சேலை பாகு மாதிரி வழிந்து, சுருங்கி, மண்ணோடு ஒட்டிக் கருத்தது. குளிப்பாட்டிய அன்றைக்கு அடித்த அதே வாடை. கூட்டம் விலகிப் பின்வாங்கியது. பின்னால் சின்னத்தாயும் நின்றிருந்தாள். சோலையம்மா மேலே இப்படித்தான் ஒட்டிக்கிடந்தது என்று இப்போது சொல்ல வேண்டும். போர்மேன் இருக்கிறாரா என்று வேலுத்தாய் சுற்றிலும் பார்த்தாள்.

அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி முந்திக்கொண்டாள். "ஆத்தா புதுச்சீலையக் கேட்டு வாங்கிக்கிட்டா."

குலவை எழுந்தது. சட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஆளுக்கொருத்தியாக வீட்டுக்கு ஓடித் தங்கள் சேலையை எடுத்துவந்து உருவத்துக்குச் சாத்தினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ரோஸ் நிறம் ஏறிக்கொண்டே போனது. வேலுத்தாய் அவர்களைத் திருத்தவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது சின்னத்தாயைக் காணோம். வீட்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

விடிந்ததும் வேலுத்தாய் தண்ணீருக்குப் போய்த் திரும்பினாள். வீட்டில் ஆளில்லை. கம்பெனி லாரியும் போய்விட்டிருந்தது. தகரப்பெட்டி திறந்து கிடந்தது, சேலை இல்லை. கட்டிக்கொண்டு போனாளா, போகிற வழியில் அம்மனுக்குச் சாத்திவிட்டுப் போனாளா?

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கோயிலைத் தாண்டித்தான் கம்பெனிப் பாதை. அங்கே சேலை இருந்துவிட்டால் அதற்குமேல் ஓட வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் உருவம் பெருத்து, முகம் தெரியாமல் நின்றது. அவள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முந்தியாகப் புரட்டினாள். எல்லாம் ஒரே சேலை, எல்லாவற்றிலும் மஞ்சள் பொட்டு. சாம்பல் மினுமினுப்பு தெரிகிறதா என்று வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சள். வெறும் மஞ்சள். வேறொன்று, அதுவும் மஞ்சள். முந்திகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. அடியில் இன்னும் சில இருந்தன.

அப்போது கிழக்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வேப்பமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. வேட்டுப் போடுகிற கண்மாய்க்கரை கிழக்கேதான் இருந்தது. கம்பெனியும் கிழக்கேதான். வேலுத்தாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த முந்தியைப் புரட்டினாள்.